ஐஸ் ஹொக்கி வாதத்துக்குப் புதுசா இறங்கிற ஆக்களுக்கு: ஒரு பிளேயர்ட பெறுமதிய எப்பிடிக் கணக்குப் பார்க்கிற

களுவாஞ்சிக்குடி எண்டாலும் சரி அக்கரைப்பற்று எண்டாலும் சரி, கனடாவில ஒரு சித்தப்பாவோ மச்சானோ அக்காட குடும்பமோ இல்லாத ஒழுங்கை குறைவு. அங்க பிறந்த நம்மட புள்ளைகள் டொரன்டோ டீம் லீஃப்ஸ்ட ஜேர்சியோடதான் வளர்றாங்க, லீவுக்கு ஊருக்கு வந்து பாசிக்குடாவில குளிச்சிட்டு ஏறினாலும் வாயில வாற கதை நேத்து மேட்ச் என்ன மாதிரி, ஆரை ட்ரேட் பண்ணப் போறாங்க எண்டுறதுதான். இப்ப இங்க இரிக்கிற பெடியன்களும் பொம்புளப் புள்ளைகளும் ஹைலைட்ஸ் பார்க்கத் தொடங்கிட்டாங்க, எனக்கு அதுல பெரிய சந்தோசம். ஆனா "இவன்ட கொன்ட்ராக்ட் பிழை", "அவன்ட கோர்சியப் பாரு", "கேப்ல இடமில்ல" எண்டு அவங்க அடுக்கத் தொடங்கினா நம்மட ஆக்கள் பேசாம இருந்திடுறாங்க. அப்பிடி இரிக்கத் தேவையில்ல, இது படிக்கக்கூடிய விசயம்.

ஒண்ட மட்டும் முதல்லயே மனசில வச்சிக்கங்க. எவன் நல்ல பிளேயர் எண்டுற கேள்வி வேற, எவன் டீமுக்குப் பெறுமதியான பிளேயர் எண்டுற கேள்வி வேற. முதல் கேள்விக்கு ஆட்டத்தப் பார்த்தா காணும். ரெண்டாவதுக்கு அவன் எடுக்கிற சம்பளம், அவன் எந்த இடத்துல எவ்வளவு நேரம் ஆடுறான், அவன் இல்லாட்டி அந்த இடத்துக்கு ஆரு வருவான் எண்டுற மூண்டும் தெரியணும். வாதத்துல முக்கால்வாசிச் சண்டை, ஒருத்தன் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல மத்தவன் ரெண்டாவதுக்குப் பதில் சொல்றதாலதான் வாற.

முதல்ல நேரத்தப் பிடிங்க

வட அமெரிக்காவில நடக்கிற என்.எச்.எல். லீக்கப் பத்தித்தான் கதைக்கிறன். 32 டீம், ஒவ்வொண்டுக்கும் 82 மேட்ச், 2026–27 சீசன்ல இருந்து 84. ஒக்டோபர்ல தொடங்கி ஏப்ரல் வரைக்கும் லீக் மேட்ச், மறுகா ஜூன் வரைக்கும் பிளேஓஃப், அதான் தோத்தவன் வெளிய போற, கிண்ணத்துக்கான சுற்றுகள். டொரன்டோவில ராவு 7 மணிக்குத் தொடங்கிற மேட்ச் நமக்கு விடிய 5.30, அங்க மணிக்கூட்ட ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைக்கிற மார்ச் நடுவில இருந்து நவம்பர் தொடக்கம் வரைக்கும் எண்டா 4.30. எட்மன்டன்ல 7 மணி எண்டா குளிர்காலத்துல நமக்குக் காலம 7.30, பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். ஒவ்வொரு நாளும் ஒழும்பிப் பார்க்க வெளிக்கிடாதீங்க, வேலையும் படிப்பும் கெட்டுப்போகும். கனடாவில சனி ராவு எண்டா ஹொக்கி ராவு, அது நமக்கு ஞாயிறு விடியக்காலம, அந்த ஒரு மேட்ச முழுசாப் பாருங்க, மிச்சத்துக்கு ஹைலைட்ஸ் காணும்.

ஐஸில ஒரு நேரத்துல ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: மூண்டு ஃபோர்வர்ட், ரெண்டு டிஃபென்ஸ், ஒரு கோலி. 20 நிமிசப்படி மூண்டு பீரியட். ஆட்டம் நிக்காமலே ஆக்கள் மாறிக்கொண்டே இரிப்பாங்க, ஒருத்தன் ஒருக்கா இறங்கினா முக்கால் நிமிசம் அளவுதான் நிப்பான், மறுகா வாங்கில குந்தணும். மட்டக்களப்புல பாஸ்கட்போல் பார்த்து வளர்ந்த ஆக்களுக்கு, அதான் மிக்கேல் கல்லூரிப் பக்கம் அமெரிக்கப் பாதிரிமார் போட்ட விதையில வளர்ந்த ஆக்களுக்கு, இந்த ஆள் மாத்திற கதை கெதியா விளங்கும். வெண்டா 2 பொயின்ட், மேலதிக நேரத்துல தோத்தாலும் 1 பொயின்ட்.

ரோஸ்டர வாசிக்கப் பழகுங்க

ரோஸ்டர் எண்டா டீம்ட ஆள் பட்டியல். ஒரு டீம் 23 பேர வச்சிரிக்கலாம், மேட்சுக்கு இறங்கிறது 20 பேர். வழமையா 12 ஃபோர்வர்ட், 6 டிஃபென்ஸ், 2 கோலி. ஃபோர்வர்ட் மூணு மூணு பேரா நாலு லைன், டிஃபென்ஸ் ரெண்டு ரெண்டு பேரா மூணு சோடி. முதல் லைன்ல ஆடுறவன் ஒரு மேட்ச்ல 20 நிமிசத்துக்குக் கிட்ட நிப்பான், நாலாவது லைன்காரனுக்கு 10 நிமிசம் கிடைச்சாலே பெரிசு, முதல் சோடி டிஃபென்ஸ் 24, 25 நிமிசம் வரைக்கும் போவான். அதால நாலாவது லைன்காரன முதல் லைன்காரனோட கோல் கணக்குல ஒப்பிட்டா அது நியாயமில்ல. ரோஸ்டரப் பார்த்தவுடன நீங்க கேட்க வேண்டியது, இவன் எந்த லைன், பவர் பிளேயில இறங்கிறானா, எதிர்ப்பக்கம் ஆரோட மோத விடுறாங்க எண்டு. பவர் பிளே எண்டா எதிரணியில ஒருத்தன் தண்டனை வாங்கி வெளிய போனதால நம்ம பக்கம் ஒராள் கூடுதலா ஆடுற நேரம். அதுல கோல் போடுறது லேசு, அந்த இடம் கிடைக்கிற பிளேயர்ட கணக்கு தன்னால ஏறும். நம்ம பக்கம் ஒருத்தன் தண்டனையில வெளிய நிக்க, ஒராள் குறைவா அடைச்சு ஆடுற நேரத்துல இறங்கிறவனுக்கு கோல் கிடைக்காது, அடிதான் கிடைக்கும், ஆனா அவன் இல்லாட்டி டீம் தோக்கும்.

கீழ் லீக்ல இரிக்கிற பெடியன்களையும் பாருங்க. 23 பேர்ல இருந்து ஒருத்தன கீழ அனுப்பிறதெண்டா, சில வருசம் ஆடின ஆளா இருந்தா முதல்ல வேவர்ஸ் எண்ட முறையில மத்த 31 டீமுக்கும் காட்டணும், ஆராவது கேட்டா ஒண்டும் வாங்காமலே குடுக்க வேண்டியதுதான். "அவனக் கீழ போடு" எண்டு லேசாச் சொல்றவங்களுக்கு நீங்க குடுக்கிற முதல் பதில் இதுதான்.

இனி நம்பர்

இதுலதான் கன நேரம் செலவழிக்கணும். கிரிக்கெட்டுல அவரேஜையும் ஸ்ட்ரைக் ரேட்டையும் போட்டுப் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒண்டும் பயமான விசயமில்ல.

பொயின்ட்ஸ் எண்டா கோலும் அசிஸ்ட்டும் சேர்த்தது. ஒரு கோலுக்கு ரெண்டு பேர் வரைக்கும் அசிஸ்ட் எடுக்கலாம், கோலுக்கு முன்னால கடைசியாப் பாஸ் குடுத்தவன் ஒண்டு, அவனுக்குக் குடுத்தவன் ஒண்டு. ரெண்டாவது அசிஸ்ட்டுக்கு நான் குறைவான நிறைதான் குடுப்பன், ஏனெண்டா சும்மா பக்கத்துல நிண்டவனுக்குத் தட்டிவிட்டாலும் அது விழும். அதுக்காக அதத் தூக்கி எறியவும் ஏலா, பின்னுக்கு நிண்டு முழு ஆட்டத்தையும் தொடக்கி விடுற டிஃபென்ஸ்காரன்ட வேலை அதுலதான் தெரியும்.

மறுகா நேரம். ஒரு பிளேயர் 5க்கு 5 ஆட்டத்துல (கோலிய விட்டு ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு பேர் நிக்கிற நேரம்) 1,100 நிமிசம் நிண்டு 30 பொயின்ட் எடுத்தான், இன்னொருத்தன் 700 நிமிசம் நிண்டு 24 எடுத்தான் எண்டு வைங்க. பார்த்தா 30 பெரிசு. 60 நிமிசத்துக்கு எவ்வளவு எண்டு பிரிச்சுப் பார்த்தா முதலாமவன் 1.64, ரெண்டாமவன் 2.06. "அவனுக்கு நேரம் குடுத்துப் பாருங்க" எண்டு ரசிகர்கள் கத்திறது இதப் பார்த்துத்தான். ஆனா அவசரப்படாதீங்க, அந்த 700 நிமிசம் பலம் குறைஞ்ச எதிர் லைனோட மட்டும் ஆடினதா எண்டும் பார்க்கணும், நேரத்தக் கூட்டினா அந்த 2.06 அப்பிடியே நிக்கும் எண்டு ஆருக்கும் உறுதி சொல்ல ஏலா.

பிளஸ் மைனஸ் எண்டு ஒண்டு இரிக்கு, புதுசா வாற ஆக்கள் முதல்ல பிடிக்கிறது அதத்தான். நீங்க ஐஸில நிக்கக்குள்ள உங்கட டீம் கோல் போட்டா பிளஸ், வாங்கினா மைனஸ், பவர் பிளேயில போட்ட கோல் சேராது. 1970–71ல பொபி ஓர் எடுத்த பிளஸ் 124ஐ இண்டைக்கும் ஒருத்தரும் தொடல்ல. ஆனா ஒரு ஆள எடை போட இத மட்டும் தூக்கிக்கொண்டு வாதத்துக்குப் போகாதீங்க. 2022–23 சீசன்ல சான் ஹோசேயில ஆடின எரிக் கார்ல்சன் 101 பொயின்ட் எடுத்தான், டிஃபென்ஸ்காரன் ஒருத்தன் நூறத் தாண்டினது 1991–92க்குப் பிறகு அப்பதான், சிறந்த டிஃபென்ஸ்காரனுக்குரிய நொரிஸ் விருதும் அவனுக்கே. அதே சீசன்ல அவன்ட பிளஸ் மைனஸ் மைனஸ் 26! டீம் 82 மேட்ச்ல 22தான் வெண்டது, கோலியும் பலவீனம், கூட நிண்ட ஆக்களும் பலவீனம். அந்த மைனஸ் 26ல எவ்வளவு அவன்ட பிழை, எவ்வளவு டீம்ட பிழை எண்டு அந்த நம்பர் சொல்லாது. இன்னொரு பக்கமும் சொல்லணும், அடுத்த சீசன் பிட்ஸ்பேர்க்குக்குப் போய் 56 பொயின்ட்தான் எடுத்தான், அதால "101 தான் உண்மையான கார்ல்சன்" எண்டு சத்தியம் பண்றவங்களுக்கும் பதில் இரிக்கு. ஒரு சீசன வச்சு ஒருத்தன எழுதிப் போடாதீங்க.

இதே பேர்ல இன்னொருத்தன், வில்லியம் கார்ல்சன். கொலம்பஸ்ல 2016–17ல 6 கோல். புதுசா வந்த லாஸ் வேகாஸ் டீமுக்குப் போய் 2017–18ல 43 கோல்! எல்லாரும் அதிசயப்பட்டாங்க. ஆனா ஷூட்டிங் வீதத்தப் பார்த்த ஆக்கள் அப்பவே சொன்னாங்க, அவன் அடிச்சதுல 23.4 வீதம் கோலாப் போயிரிக்கு, லீக்ல பொதுவா 10 வீதத்த ஒட்டித்தான் போகும், இது நிலைக்காது எண்டு. அடுத்த வருசம் 24 கோல். அதுக்காக அவன் கெட்டவனெண்டில்ல, இண்டைக்கும் அவன நான் நல்ல சென்டர் (நடுவில ஆடுற ஃபோர்வர்ட்) எண்டுதான் சொல்லுவன், 43 கோல்காரனுக்குக் குடுக்கிற காச 24 கோல்காரனுக்குக் குடுக்கக் கூடாது எண்டுறதுதான் கதை. ஒருத்தன் திடீரெண்டு கோலாக் குவிச்சா முதல்ல ஷூட்டிங் வீதத்தப் பாருங்க, அவன்ட பழைய வருசங்களோட ஒப்பிடுங்க. ஷொட் எண்ணிக்கை கூடி கோல் கூடினா நம்பலாம், ஷொட் அதே அளவுல நிண்டு கோல் மட்டும் கூடினா பொறுத்துப் பார்க்கலாம்.

கோர்சி எண்டுறது பெரிய மந்திரமில்ல. பஃபலோ டீமில கோலிமாருக்குப் பயிற்சி குடுத்த ஜிம் கோர்சிட பேர். நீங்க ஐஸில நிக்கக்குள்ள உங்கட டீம் அடிச்ச எல்லா ஷொட்டும், கோலானது, கோலி பிடிச்சது, வெளிய போனது, நடுவில ஒருத்தன் மறிச்சது எல்லாம் ஒரு பக்கம், எதிரணி அடிச்சது மறுபக்கம். நூத்துக்கு எத்தின நம்மட எண்டு பார்க்கிற. 50க்கு மேல எண்டா பக், அதான் ஆடுற ரப்பர் வட்டு, நம்மட ஆக்களிட்டதான் கனக்க நிண்டிரிக்கு. மறிச்ச ஷொட்ட விட்டுட்டு எண்ணினா அதுக்கு ஃபென்விக் எண்டு பேர். இதுல குறை என்னெண்டா தூரத்துல இருந்து சும்மா அடிச்சதும் கோலுக்கு முன்னால நிண்டு அடிச்சதும் ஒரே நிறை. அதத் தீர்க்கத்தான் எக்ஸ்-ஜி வந்தது, எதிர்பார்த்த கோல். அடிச்ச தூரம், கோணம், எந்த வகை ஷொட், திரும்பி வந்ததா எண்டெல்லாம் பார்த்து ஒவ்வொரு ஷொட்டுக்கும் கோலாகிற வாய்ப்ப ஒரு நம்பராப் போடுறாங்க. ஒவ்வொரு தளமும் தன்ட தன்ட கணக்குல போடுறதால ரெண்டு இடத்துல ரெண்டு நம்பர் வரும், அதுக்காகச் சண்டை பிடிக்காம ஒரு இடத்து நம்பர மட்டும் வச்சு ரெண்டு பிளேயரையும் ஒப்பிடுங்க.

நம்பருக்குள்ள லேசில அகப்படாதவங்களும் இரிக்காங்க. பொஸ்டன்ல ஆடின பட்ரிஸ் பேர்ஜரோன் ஒரு சீசன்ல கூட 80 பொயின்ட்டத் தொடல்ல, ஆனா தடுத்து ஆடுற சிறந்த ஃபோர்வர்டுக்குக் குடுக்கிற செல்கி விருத 6 தரம் வாங்கினான், ஒருத்தரும் அவ்வளவு வாங்கல்ல. எதிரணிட முதல் லைன அவன்ட தலையில கட்டிவிட்டு மத்த லைன்கள சுகமா ஆட விடுவாங்க. பொயின்ட் பட்டியல மட்டும் பார்க்கிறவனுக்கு அவன்ட பெறுமதி விளங்கவே விளங்காது.

கோலி கதை தனி

கோலிய வெற்றிக் கணக்கால எடை போடாதீங்க, வெல்றது டீம். சேவ் வீதம் எண்டு ஒண்டு, வந்த ஷொட்டுல எத்தினயப் பிடிச்சான் எண்டுறது. பத்து வருசத்துக்கு முன்ன லீக் சராசரி .915 அளவுல நிண்டது, இப்ப .900க்கு இறங்கிட்டு, அதால பழைய கோலியையும் இப்பத்தைய கோலியையும் நேர ஒப்பிட ஏலா. 2024–25ல வினிபெக் கோலி கொனர் ஹெலபக் .925 வச்சான், சராசரி .900 இரிக்கக்குள்ள .925 எண்டா ஆயிரம் ஷொட்டுக்கு 25 கோல் குறைவு. கோலிக்கு லேசில கிடைக்காத ஹார்ட் விருது, அதான் லீக்லயே டீமுக்கு அதிகம் பெறுமதியான ஆளுக்குக் குடுக்கிற விருது, அந்த வருசம் அவனுக்குத்தான் கிடைச்சது. இன்னும் ஒரு படி போறதெண்டா, வந்த ஷொட்டுகள்ட எக்ஸ்-ஜியக் கூட்டி அவன் வாங்கின கோலக் கழிச்சுப் பாருங்க, மிச்சம் வந்தா அவ்வளவு கோல அவன் தனியாக் காப்பாத்தியிரிக்கான்.

காசு: வாதத்துட அடிமரம் இதுதான்

2004–05 சீசன் முழுக்க டீம் முதலாளிமாருக்கும் பிளேயர்மாருக்கும் சண்டை வந்து ஒரு மேட்ச் கூட நடக்கல்ல. அதுக்குப் பிறகு வந்ததுதான் சலரி கேப், ஒரு டீம் பிளேயர்மாருக்கு மொத்தமா இவ்வளவுக்கு மேல குடுக்க ஏலா எண்டுற எல்லை. 2005–06ல 39 மில்லியன் டொலர், 2024–25ல 88, 2025–26ல 95.5, 2026–27க்கு 104 எண்டு அறிவிச்சாங்க. எவ்வளவு பணக்கார டீமா இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே எல்லைதான். எண்ணிக் குடுத்த காசோட சந்தைக்குப் போற வீட்டுக்காரி அறக்குளா மீனுக்கே முழுக்காசையும் குடுத்தா அரிசிக்கு என்ன செய்யிற, அந்தக் கேள்விதான் ஒவ்வொரு கொன்ட்ராக்ட்டுலயும்.

டொரன்டோவ எடுங்க, நம்மட சொந்தக்காரங்கட நெஞ்சு வலிக்கிற இடம். 2024–25ல மத்தியூஸுக்கு 13.25 மில்லியன், நைலாண்டருக்கு 11.5, டவாரஸுக்கு 11, மார்னருக்கு 10.9. கூட்டினா 46.65. கேப் 88. நாலு பேருக்கு மட்டும் 53 வீதம் போயிட்டு, மிச்ச 47 வீதத்துல டிஃபென்ஸ் ஆறு பேர், கோலி ரெண்டு பேர், மத்த ஃபோர்வர்ட் எல்லாரையும் பிடிக்கணும். நாலு பேரும் நல்ல பிளேயர், அதுல வாதமே இல்ல, மத்தியூஸ் 2023–24ல 69 கோல் போட்டவன். ஆனா 1967க்குப் பிறகு கிண்ணம் கண்ணால காணாத டீம், 2017ல இருந்து 2025 வரைக்கும் ஒன்பது வருசமும் பிளேஓஃபுக்குப் போய் ரெண்டே ரெண்டு சுற்றுத்தான் வெண்டது. காசு கூடினதாலதான் தோத்தாங்க எண்டு ஒரு பக்கம், இல்ல அந்த நாலு பேரும் பிளேஓஃப்ல சுருங்கினதாலதான் எண்டு மறுபக்கம், கோலிதான் எண்டு மூணாவது பக்கம். என்ட மனசு முதல் பக்கம்தான் சாயுது, பாதிக்கு மேல நாலு பேருக்குக் குடுத்திட்டா காயம் வாற நேரம் நிரப்ப ஆளில்ல. 2025ல மார்னர் வேகாஸுக்குப் போயிட்டான், டவாரஸ் 4.4 மில்லியன் அளவுக்கு இறங்கிக் கையெழுத்துப் போட்டான். அந்த டவாரஸ் கதையத்தான் புதுசா வாற ஆக்கள் நல்லாப் பார்க்கணும்: 11 மில்லியனுக்கு அவனப் பாரமெண்டு சொன்ன அதே ஆக்கள் 4.4க்கு அவன லாபம் எண்டு சொல்றாங்க. ஆள் அதே ஆள்தான், விலை மாறினதால பெறுமதி மாறிட்டு.

கொன்ட்ராக்ட்ட டொலர்ல ஒப்பிடாதீங்க, கேப்ல எத்தின வீதம் எண்டு ஒப்பிடுங்க. எட்மன்டன் பிளேயர் கொனர் மக்டேவிட்ட 12.5 மில்லியன் கொன்ட்ராக்ட் 2018–19ல தொடங்கக்குள்ள கேப் 79.5, அப்ப 15.7 வீதம். மினசோட்டாவில கிரில் கப்ரிசோவ் 17 மில்லியனுக்குப் போட்ட கொன்ட்ராக்ட் 2026–27ல தொடங்குது, கேப் 104, அது 16.3 வீதம். டொலர்ல பார்த்தா நாலரை மில்லியன் இடைவெளி, வீதத்துல ஒரு புள்ளி கூட வரல்ல. இன்னும் ஒண்டு, மக்டேவிட் 2026–27ல இருந்து இன்னும் ரெண்டு வருசம் அதே 12.5க்கே நிக்கச் சம்மதிச்சிட்டான், 104ல அது 12 வீதம்தான். ஒரு சீசன்ல 153 பொயின்ட் எடுத்த மனிசன், லீக் விதி ஒருத்தனுக்கு 20 வீதம் வரைக்கும் குடுக்கலாம் எண்டிரிக்கக்குள்ள 12 வீதத்துக்கு நிக்கிறான். லீக்லயே பெறுமதி கூடின கொன்ட்ராக்ட் எது எண்டு கேட்டா நான் யோசிக்காம அதத்தான் சொல்லுவன்.

அதுக்கு அடுத்த லாபம் இளசுகள்ல. 18ல இருந்து 21 வயசுக்குள்ள கையெழுத்துப் போடுறவனுக்கு முதல் மூணு வருசம் அடிச் சம்பளம் ஒரு மில்லியன் அளவுலதான் நிக்கும், போனஸ் வேற. அந்த மூணு வருசத்துக்குள்ள அவன் முதல் லைன் ஆட்டக்காரனா வந்திட்டா டீமுக்குக் கொள்ளை லாபம். மறுகா 27 வயசு அல்லது ஏழு சீசன் வரைக்கும் டீம்ட பிடி கொஞ்சம் இரிக்கும், அதுக்குப் பிறகு ஜூலை 1ஆம் திகதி விரும்பின இடத்துக்குப் போகலாம். பெரிய காசு கிடைக்கிறது கனபேருக்கு அப்பதான், கால் ஓட்டம் உச்சத்துல இரிக்கிறதோ இருபதுகள்ட நடுவில. 29 வயசுக்காரனுக்கு ஏழு வருசக் கொன்ட்ராக்ட் எண்டு செய்தி வந்தா முதல் ரெண்டு வருசத்தப் பார்க்காம கடைசி மூணு வருசத்தப் பாருங்க.

காயப் பட்டியல்ல வச்சு எல்லையத் தாண்டுற வழியும் ஒண்டு இருந்தது. 2020–21ல டம்பாவில நிக்கிட்டா குச்சரோவ் இடுப்புல ஒப்பரேசன் செய்து லீக் மேட்ச் ஒண்டும் ஆடல்ல, காயப் பட்டியல்ல இரிக்கிறவன்ட சம்பள அளவுக்கு எல்லைய மீறலாம் எண்டுறதால டீம் வேற ஆக்கள எடுத்து வச்சிரிந்தது, பிளேஓஃபுக்கு அவன் வந்து 32 பொயின்ட் எடுத்தான், கிண்ணமும் டம்பாவுக்கு. அப்ப பிளேஓஃப்ல கேப் இல்லாததால விதிப்படி அது சரி. 2025–26ல இருந்து பிளேஓஃப் மேட்சுக்கு இறங்கிற ஆக்களுக்கும் கேப் வந்திட்டு. பழைய உதாரணத்தத் தூக்கிக்கொண்டு வாறவங்களுக்கு இதச் சொல்லுங்க.

ட்ரேட்ட எடை போடுற

2016 ஜூன் 29. எட்மன்டன் தன்ட முதல்தர விங்கர் (பக்கவாட்டுல ஆடுற ஃபோர்வர்ட்) டெய்லர் ஹோலக் குடுத்து நியூ ஜேர்சியில இருந்து அடம் லார்சன் எண்ட டிஃபென்ஸ்காரன வாங்கினது, ஆளுக்கு ஆள், வேற ஒண்டுமில்ல. இண்டைக்கும் இதப் பத்தி வாதம் போகுது. ரெண்டு வருசத்துல ஹோல் 93 பொயின்ட் எடுத்து ஹார்ட் விருதே வாங்கிட்டான், லார்சனுக்குப் பெரிசா ஒரு விருதும் இல்ல. அப்ப எட்மன்டன் ஏமாந்ததுதானே எண்டு கேட்பீங்க. ஆனா ட்ரேட் நடந்த அடுத்த சீசனே எட்மன்டன் 2006க்குப் பிறகு முதல் தரமாப் பிளேஓஃபுக்குப் போனது, அவங்களுக்கு வலக்கை டிஃபென்ஸ் ஒருத்தன் கட்டாயம் தேவைப்பட்டது. மறுகா அதுக்கும் மறுபேச்சு இரிக்கு, அந்த வருசம் மக்டேவிட் 100 பொயின்ட் எடுத்து ஹார்ட் வாங்கினான், லார்சன் வராட்டியும் போயிரிப்பாங்க எண்டு. என்ட தீர்ப்பு: தேவை உண்மை, விலை பிழை. தேவைய நிரப்பிறதும் கூடின விலைக்கு வாங்கிறதும் ஒரே நேரத்துல நடக்கலாம், வாதத்துல இந்த ரெண்டையும் பிரிச்சுப் பேசத் தெரிஞ்சா நீங்க புதுசு இல்ல.

ட்ரேட் செய்தி வந்தவுடன பார்க்க வேண்டியது, கொன்ட்ராக்ட் இன்னும் எத்தின வருசம், பழைய டீம் சம்பளத்துல பங்கு கட்டுதா (ஒரு டீம் 50 வீதம் வரைக்கும் தாங்கிக்கொண்டு அனுப்பலாம்), கூட வாற டிராஃப்ட் தெரிவு, அதான் புது இளசுகளத் தெரிவு செய்யிற முறை, எந்தச் சுற்று. பாதிச் சம்பளத்துல வாற ஆள முழுச்சம்பளத்துக்கு எடை போட்டு ஏசிறவங்க கனபேர் இரிக்காங்க.

காலத்தோட ஒப்பிடக்குள்ள

2025 ஏப்ரல் 6ல வொஷிங்டன் டீம்ட ஒவெச்கின் தன்ட 895ஆவது கோலப் போட்டு, 80கள்ட பெரிய ஆட்டக்காரன் கிரெட்ஸ்கிட 894ஐத் தாண்டினான், அதுவும் கிரெட்ஸ்கி மொத்தமா ஆடின அதே 1,487ஆவது மேட்ச்ல. ஆரு பெரிசு எண்டு கேட்டா வீடு ரெண்டாகும். கிரெட்ஸ்கி 1985–86ல 215 பொயின்ட் எடுத்த காலத்துல ஒரு டீம் ஒரு மேட்ச்ல சராசரியா நாலு கோலுக்குக் கிட்டப் போட்டது, ஒவெச்கின்ட காலத்துல மூண்ட ஒட்டி. அதால கோல் போடுறதுல ஒவெச்கின்ட வேலை கடினம் எண்டுதான் நான் நினைக்கிறன். ஆனா மொத்தப் பெறுமதி எண்டு வந்தா கிரெட்ஸ்கிட அசிஸ்ட் மட்டும் 1,963, மொத்தப் பொயின்ட்டுல அவனுக்கு அடுத்த இடத்துல நிக்கிற யாகர்ட கணக்கே 1,921தான். கோலா முழு ஆட்டமா எண்டு கேள்விய முதல்ல பிரிச்சுட்டு மறுகா பதில் சொல்லுங்க.

கதைக்கிற முறை

கனடாவில இரிக்கிற மாமாமார், பெரியப்பாமார் 90கள்ல போய் மொன்ட்ரியல்ட 1993 கிண்ணத்த அங்கயே இருந்து பார்த்த ஆக்கள், அவங்களுக்கு எக்ஸ்-ஜி எண்டா பிடிக்காது, கண்ணால பார்த்தது தெரியாதா எண்டு கேட்பாங்க. அவங்களோட நம்பரத் தூக்கி எறிஞ்சு கதைக்காதீங்க. "மாமா, நீங்க பார்க்கக்குள்ள அவன் எப்பிடி?" எண்டு முதல்ல கேளுங்க, அவங்க சொல்றதுல நம்பர்ல இல்லாத கன விசயம் இரிக்கும், ஆரு மூலையில பக்குக்குப் பயப்பிடாமப் போவான், ஆரு வாங்கில இருந்து இளசுகளுக்குச் சொல்லிக் குடுப்பான் எண்டு. மச்சான்மாரோட கதை வேற, அவங்களிட்ட நேரக் கேளுங்க: எந்த சீசன், எத்தின மேட்ச், 5க்கு 5ஆ பவர் பிளே சேர்த்தா. பத்து மேட்ச் முடிய முதல் "இவன் முடிஞ்சான்" எண்டு ஆராவது சொன்னா பதில் சொல்லாதீங்க, இன்னொரு பத்து மேட்ச் போகட்டும் எண்டு விடுங்க.

எங்க பார்க்கிற

லீக்ட சொந்தத் தளத்துலயே கோல், அசிஸ்ட், ஐஸ் நேரம் எல்லாம் காசில்லாமக் கிடைக்கும். கோர்சி, 60 நிமிசக் கணக்குக்கு நச்சுரல் ஸ்டாட் ட்ரிக், எக்ஸ்-ஜிக்கும் கோலிமாருக்கும் மணிபக். கொன்ட்ராக்ட்டுக்கு முந்தி எல்லாரும் கேப்ஃப்ரெண்ட்லிதான் பார்த்தாங்க, 2024ல வொஷிங்டன் டீம் அத வாங்கினதோட பொது ஆக்களுக்கு மூடியாச்சு, இப்ப பக்பீடியா இரிக்கு. வீடியோ மாதிரி இல்ல, எல்லாம் எழுத்தும் நம்பரும்தான், டேட்டா பெரிசாப் போகாது.

முதல் நாள் செய்ய வேண்டிய வேலை ஒண்டு சொல்றன். பக்பீடியாவில உங்கட டீம்ட பக்கத்தத் திறந்து சம்பளம் கூடின முதல் ஆறு பேர்ட பேரையும், கேப்ல அவங்க எடுக்கிற வீதத்தையும் ஒரு கொப்பியில எழுதுங்க. பக்கத்துல ஒவ்வொருத்தனும் மேட்சுக்கு நிக்கிற நிமிசத்தையும், 60 நிமிசத்துக்கு எடுக்கிற பொயின்ட்டையும் எழுதுங்க. சம்பளத்துல மேல நிண்டு மத்த ரெண்டுலயும் கீழ நிக்கிறவன் ஒருத்தன் அகப்படுவான். அடுத்த ஞாயிறு மேட்ச்ல அவன மட்டும் பாருங்க, பக் அவனிட்ட இல்லாத நேரத்துல அவன் எங்க நிக்கிறான், என்ன செய்யிறான் எண்டு.